கை தெரியட்டும்

அந்தக் கோட் என் கடையில் கல்லாவுக்குப் பின்னால், பிரேக் ஆயில் டின்கள் அடுக்கிய அலமாரிக்கும் சாமி காலண்டருக்கும் நடுவில் தொங்குகிறது. சாம்பல் நிறக் கம்பளித் துணி, அதில் மெல்லிய வெள்ளைக் கோடு. பினாங்கு வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு திரிந்தவருக்கு மூளை இருந்திருக்காது என்றுதான் யாருக்கும் தோன்றும். இடது கை ஒழுங்காக மணிக்கட்டு வரை வருகிறது, பித்தான்கள்கூட அப்படியே இருக்கின்றன. வலது கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. அது கிழிந்ததில்லை, எலி கடித்ததுமில்லை. அளவெடுத்து வெட்டி, உள்ளே பட்டுத்துணி கொடுத்து, மடித்துத் தைத்த வேலை. ஜுருவில் கார் சாமான் வாங்க வருகிற ஆள் ஒவ்வொருவனும் வாட்டர் பம்ப் விலையைக் கேட்டுவிட்டு, அடுத்ததாக இதைத்தான் கேட்பான். "யாரோட கோட்டு ஆண்ட்டி? ஒரு கை இல்லாதவரா?" நல்ல மனநிலையில் இருந்தால் பதில் சொல்வேன். இல்லையென்றால், "உனக்கு வேணுங்கிறது பம்பு, அத மட்டும் பாரு லா" என்று வாயை அடைத்து அனுப்பிவிடுவேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அது இந்த வட்டாரத்துக்கே தெரிந்த விஷயம்.

கோட் என் சித்தப்பாவுடையது. அம்மாவின் கூடப் பிறந்த தங்கையை, அதாவது என் சின்னம்மாவை, கட்டிக்கொண்ட ஆஸ்திரேலியாக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், காது மடல் எப்போதும் வெயிலில் வெந்து சிவந்திருக்கும். துறைமுகத்துக் கூலி ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழைப் பேசுவார். அதில் மரியாதைப் பன்மை என்ற ஒன்றே கிடையாது. கோயில் குருக்களையும் நீ என்பார், போலீஸ்காரனையும் நீ என்பார். கல்யாணம் ஆகி இத்தனை வருடமாகியும் சின்னம்மாவை மட்டும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸுகளை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். சின்னம்மா பதிலுக்கு அவரை "மிஸ்டர்" என்பார். இரண்டு பேரும் சண்டை போடும்போது கேட்க வேடிக்கையாக இருக்கும்.

போருக்கு முன்னால் அவர் கிரிக்கெட் ஆடியவர். சும்மா தெருவில் ஆடியவர் இல்லை. அவர் மாநிலத்து அணிக்கு வேகப்பந்து வீசியவர், அடுத்த கோடைக்குள் நாட்டு அணியில் இடம் நிச்சயம் என்று பேசப்பட்டவர். செம்மறி ஆட்டுப் பண்ணைகள் மட்டுமே உள்ள ஓர் உள்நாட்டு ஊரில் பிறந்தார். சின்ன வயதில் கம்பளி மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து வலது முழங்கை நொறுங்கிவிட்டது. பக்கத்தில் டாக்டர் இல்லை. ஆட்டுக்குக் கட்டுப் போடுகிற ஆள் கட்டுப் போட்டான். எலும்பு அவன் போட்ட கோணத்திலேயே கூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கை நேராகவே இல்லை. ஒருவர் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுவது போல, எப்போதும் கொஞ்சம் மடங்கியே நிற்கும்.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கையைச் சுழற்றிப் பந்தை வீசலாம், எறியக் கூடாது. மடக்கிய முழங்கையை, பந்தை விடுகிற நேரத்தில் விசுக்கென்று நிமிர்த்தினால் அது எறிதல். அப்படிச் செய்தால் நடுவர் "நோ-பால்" என்று கத்துவார். அந்தப் பந்து கணக்கில் சேராது, மறுபடி வீச வேண்டும். சித்தப்பாவின் கை நிமிரவே நிமிராது. மடங்கியது மடங்கியபடியே சுற்றி வரும். நிமிராத கையால் எப்படி எறிய முடியும்? ஆனால் பக்கவாட்டில் நின்று பார்க்கிறவனுக்கு அது எறிவதைப் போலத்தான் தெரியும். போதாக்குறைக்கு, அவர் வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பித்தான் போட்டுக்கொண்டு ஆடுவார். எறிகிறவர்கள்தான் முழங்கையை மறைக்க அப்படிப் போடுவார்கள் என்று ஒரு பேச்சு அந்தக் காலத்தில் இருந்ததாம். சட்டைக்குள் எதையோ ஒளிக்கிறான் என்று கூட்டத்தில் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

பெரிய ஆட்டம் ஒன்றில், ஊரே திரண்டு உட்கார்ந்திருக்கும்போது, பக்கவாட்டில் நின்ற நடுவர் அவரை நோ-பால் என்றார். அவர் நாட்டில் அப்போது ஓர் ஓவருக்கு எட்டுப் பந்து. மூன்று பந்து நல்லபடியாகப் போயிற்று. நான்காவதிலிருந்து ஆரம்பித்தது. வீசினால் நோ-பால், மறுபடி வீசினால் மறுபடி நோ-பால். கூட்டம் ஊளையிட்டது. அணித்தலைவர் பக்கத்தில் வந்து, தோளில் கைபோட்டு, சிரித்த முகத்தோடு காதில் சொன்னாராம்: தோளைப் பிடித்துக்கொள், காயம் என்று சொல்லி நடந்துவிடு, உனக்கும் மரியாதை, எங்களுக்கும் மரியாதை. அடிபட்ட ஆளின் ஓவரை வேறொருவர் முடிக்கலாம் என்று விதி இருக்கிறது. சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மிச்சம் ஐந்து பந்தை இன்னொருவன் வீசினான். பிறகு அவரை யாரும் அணிக்குக் கூப்பிடவில்லை.

இதை அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது நடுவர் மேல் அவருக்குக் கோபமே வராது. "அவன் கண்ணுக்கு அப்பிடித் தெரிஞ்சிச்சு, சொன்னான் லா. அது அவன் வேல. நான் தோளப் புடிச்சேன் பாரு, அதான் தப்பு. வலிக்காத தோளு!" என்று அந்தத் தோளையே ஒரு குத்துக் குத்துவார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஒன்று செய்தார். தன்னிடம் இருந்த சட்டைகளுக்கெல்லாம் வலது கையை முழங்கைக்கு மேலே வெட்டிப் போட்டார். மழையோ குளிரோ, தேவாலயமோ கோர்ட்டோ, சாகும் வரை அந்த முழங்கையைத் துணி மூடியதில்லை. யாராவது முறைத்துப் பார்த்தால் கையைப் பார்த்தவர் மூக்குக்கு நேரே நீட்டுவார். "கை தெரியட்டும்" என்பார். அவ்வளவுதான், விளக்கம் கிடையாது.

அப்புறம் கப்பலேறிப் பினாங்கு வந்தார், பிறை என்ற ஊர்த் துறைமுகத்தில் இழுவைப் படகுகளுக்கு மெக்கானிக்காக. போர் வந்தது, ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். அந்த வருடங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, அதனால் நானும் எழுதப் போவதில்லை. திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். அங்கே சின்னம்மா நர்ஸ். ஊசி போட வந்தவர், "கைய நல்லா நீட்டுங்க மிஸ்டர்" என்றாராம். இவர், "இதுதான் நீட்டினது" என்றார். சின்னம்மா நம்பவில்லை. மணிக்கட்டை ஒரு கையாலும் மேல்கையை இன்னொரு கையாலும் பிடித்து, கட்டிலில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, தம் கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. மூச்சு வாங்க நின்று, "ஆமா, இது நிமிராது" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் படுக்கையில் கிடந்தபடி அழுதாராம். சின்னம்மா வலியில் அழுகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர் நாட்டில் ஒருவரும் சொல்லாத வார்த்தையை இங்கே ஒரு தமிழ்ப்பெண் போகிற போக்கில் சொல்லிவிட்டாள் என்பது சின்னம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு பேரும் கல்யாணம் என்று நின்றபோது வீடு இரண்டுபட்டது. என் தாத்தா ரயில்வேயில் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வீட்டிலேயே காலரில் கஞ்சி போட்ட சட்டையோடு உட்காருகிற ஆள். "இவ எனக்குப் பொறக்கவே இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சின்னம்மா அதற்கு, "சரி, அப்ப யாருகிட்டயும் கேக்க வேண்டிய அவசியமும் இல்ல" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா மட்டும், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பதிவுத் திருமணத்துக்குப் போய் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுப் பெண்களின் திமிர் எங்கிருந்து வந்தது என்று என் கணவர் கேட்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அந்தக் கல்யாணத்துக்குத் தைத்ததுதான் இந்தக் கோட். சூலியா தெருவுக்குள் ஒரு சந்தில் கடை வைத்திருந்த பாய் தைத்தார். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கே தைத்துப் பேர் வாங்கிய கை. சித்தப்பா அளவு கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லியிருக்கிறார், வலது கை இவ்வளவுதான் என்று சுண்ணாம்புக்கட்டியால் தன் தோலிலேயே கோடு போட்டும் காட்டியிருக்கிறார். பாய் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் கோட்டை வாங்கக் கடைக்குப் போனபோது இரண்டு கையும் முழுசாக இருந்தது. தவறு நடந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பாய்க்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. ஜப்பான்காரன் கேம்பில் பட்டினி கிடந்து வந்த மனிதர், புத்தி இன்னும் தெளியவில்லை, கல்யாணம் பண்ணுகிற நேரத்தில் அவமானப்படக் கூடாது என்று இரக்கப்பட்டு, தன் துணியைப் போட்டு அந்தக் கையை முழுசாகத் தைத்து வைத்திருக்கிறார். சித்தப்பா மேசை மேல் கிடந்த பெரிய கத்திரிக்கோலை எடுத்தார். பாய் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"யா அல்லா! என்ன தொர, என் கடைப் பேரு என்னாகுறது? ஊரு சிரிக்காது?"

"கை தெரியட்டும் பாய்."

"மிஸ்ஸி, நீங்களாச்சும் சொல்லுங்க!"

சின்னம்மா, "நான் என்ன பாய் சொல்றது, அது அவர் கை" என்றுவிட்டார். பாய் சித்தப்பாவையும் சின்னம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கத்திரிக்கோலைச் சித்தப்பாவின் கையிலிருந்து பிடுங்கினார். "குடுங்க, நானே வெட்றேன். நீங்க வெட்டினா ஆடு மேஞ்ச மாதிரி இருக்கும். வெட்டினாலும் என் வேல ஒழுங்கா இருக்கணும்" என்று அங்கேயே உட்கார்ந்து வெட்டி, பட்டு உள்துணி வைத்து, ஓரம் அடித்துக் கொடுத்தார். வெட்டிய கையைப் பழுப்புத் தாளில் சுற்றிச் சின்னம்மாவிடம் நீட்டினார். "இத பத்திரமா வச்சுக்குங்க. அவருக்குப் புத்தி வந்தா கொண்டாங்க, காசு வேணாம், நானே தச்சுத் தரேன்." சின்னம்மா அதை வாங்கி வந்து அடுப்படியில் ஆணியில் மாட்டினார். நல்ல கம்பளி, தடிமனாக இருந்தது. சூடான சட்டியை இறக்கும்போது கையை அதற்குள் விட்டுக்கொள்வார். எங்கள் வீட்டில் பிடித்துணி என்றால் அதுதான். பாய் தெருவில் பார்க்கும் போதெல்லாம், "என்ன மிஸ்ஸி, புத்தி வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல பாய்" என்று சின்னம்மா சொல்வார். பல வருடம் இது நடந்தது.

நான் இருபதைத் தாண்டிய காலத்தில் சித்தப்பாவுக்கு மாக் மண்டினில் சொந்தப் பட்டறை. நான் அங்கே கல்லாவில் உட்கார்ந்தேன். காடி, அதாவது கார், வியாபாரம் நான் கற்றுக்கொண்டது அந்த எண்ணெய்த் தரையில்தான். பட்டர்வொர்த்தில் அப்போது ஆஸ்திரேலியா விமானப்படைக் குடும்பங்கள் நிறைய. ஊர்க்காரர் என்று எல்லோரும் சித்தப்பாவிடம்தான் காடியைக் கொண்டுவருவார்கள். ஒருநாள் இளம் அதிகாரி ஒருவர் வந்தார். பின் சீட்டில் ஒரு கிழவர், மகனைப் பார்க்க வந்த அப்பா. முதுகு வளையாத மனிதர், அந்த வெயிலிலும் கழுத்துப் பட்டி கட்டியிருந்தார். சித்தப்பா காடிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, வலது கையைத் துணியில் துடைத்தார். கிழவர் அந்த முழங்கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு நோ-பால் சொன்ன நடுவர் அவர்தான்.

பட்டறையே அமைதியாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பக்கத்துக் கடையில் தகரம் அடிக்கிற சத்தம் காதைப் பிளந்தது. இரண்டு கிழவர்களும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். தோள் சரியாகிவிட்டதா என்று நடுவர் கேட்டார். தோளுக்கு அன்றைக்கும் ஒன்றுமில்லை என்றார் சித்தப்பா. அது எனக்கும் தெரியும் என்றார் நடுவர். பிறகு, யாரும் கேட்காமலேயே, நான் பார்த்ததைத்தான் சொன்னேன், இன்றைக்குப் பார்த்தாலும் அதையேதான் சொல்வேன் என்றார். அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தப்பாவோ ஏதோ பரிசு விழுந்த மாதிரி சிரித்தார். அப்படியென்றால் நாளை சாயங்காலம் பாடாங்குக்கு வா, ஐந்து பந்து மிச்சம் இருக்கிறது என்றார்.

சின்னம்மா கேட்டதும் கரண்டியைப் போட்டு உடைக்காத குறை. "உங்களுக்கு என்ன மிஸ்டர், வயசு திரும்புதா? விழுந்து இடுப்ப ஒடச்சிக்கிட்டா யாரு தூக்குறது? நான் ரிட்டயர் ஆயாச்சு!" என்று கத்தினார். "அவன் எல்லாத்தையும் நோ-பாலுன்னுதான் சொல்லப் போறான். அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"மறுபடி போடுவேன்."

"மறுபடியும் சொல்லுவான்."

"மறுபடியும் போடுவேன் மிஸ்ஸி. இந்தத் தடவ தோளப் புடிக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் பசியாறும்போது சின்னம்மா, "எதிர்ல நிக்க ஆள் வேணுமில்ல?" என்று மட்டும் கேட்டார்.

பாடாங் என்றால் ஜார்ஜ் டவுனில் கடலோரமாக இருக்கும் பசும் மைதானம், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாலை நேரத்தில் பலூன் விற்பவன், பந்து உதைக்கிறவர்கள், பெஞ்சில் உட்கார்ந்து மசாலைக் கடலை தின்னுகிறவர்கள். அதற்கு நடுவில் நாங்கள் மூன்று குச்சிகளை நட்டோம். சித்தப்பா இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டோடு யாராவது பந்து வீசுவார்களா என்று கேட்டால், அது அவருக்குக் கல்யாண நாள் மாதிரி என்றுதான் நினைக்கிறேன். நடுவர் பக்கவாட்டில் தன் இடத்தில் போய், கைகளைப் பின்னால் கட்டி நின்றார். குச்சிகளுக்கு முன்னால் சின்னம்மா. கையில் மட்டைக்குப் பதில் கறுப்புக் குடை. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமியாரிடம் சண்டைக்கு நிற்கிறவர் போல நின்றார். நான் குச்சிகளுக்குப் பின்னால், பந்து பொறுக்க.

முதல் பந்து. சித்தப்பா நாலு எட்டு ஓடி வந்தார், கை மடங்கியபடியே காதை உரசிச் சுற்றியது. "நோ-பால்!" என்று நடுவர் கையை உயர்த்தினார். வயதுக்குக் குரல் கணீரென்று இருந்தது. பலூன்காரன் திரும்பிப் பார்த்தான். நான் பந்தை எடுத்து எறிந்தேன். மறுபடி ஓடி வந்தார். மறுபடி நோ-பால். அதற்கடுத்தும் அதுவே. சித்தப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பந்து கைக்கு வந்ததும் திரும்பி நடந்துபோய், துடைத்து, ஓடி வந்து வீசினார். எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணாதே என்று சின்னம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். பந்து உதைத்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சித்தப்பாவின் காது மட்டுமல்ல, கழுத்தே சிவந்துவிட்டது. கோட் முதுகில் ஒட்டிக்கொண்டது. "போதும் மிஸ்டர்" என்று ஒருமுறை சின்னம்மா சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை.

அப்புறம் ஒரு பந்து வந்தது. மற்ற எல்லாப் பந்தையும் போலத்தான் வந்தது. குடையில் பட்டுச் சரிந்தது. நான் நடுவரைப் பார்த்தேன். கை பாதி வரை மேலே வந்து, அங்கேயே நின்று, கீழே இறங்கியது. வாய் திறக்கவில்லை. சித்தப்பா நின்று அவரைப் பார்த்தார், பிறகு திரும்பி நடந்தார். அடுத்த பந்துக்கும் சத்தமில்லை. அதற்கடுத்த இரண்டுக்கும் இல்லை. கணக்கில் சேர்ந்த ஐந்தாவது பந்து சின்னம்மாவின் குடையைத் தாண்டி நடுக் குச்சியைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. "அய்யோ, என்னையே அவுட்டாக்கிட்டாரு!" என்று சின்னம்மா கத்தினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சித்தப்பா சிரிக்கவில்லை. நட்ட மரமாக அதே இடத்தில் நின்றார். ஓவர் முடிந்தால் முடிந்தது என்று நடுவர் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஆட்டக்காரர் தானாக முடித்துக்கொள்ள முடியாது. நடுவர் கடலைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார், கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மனிதர் இத்தனை வருடம் எல்லாச் சட்டைகளையும் வெட்டியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில், "ஓவர்" என்றார் நடுவர். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

நடுவர் மனம் மாறித்தான் கையை இறக்கினாரா, இல்லை வெயிலில் தோள் வலித்துப்போய் விட்டுவிட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பும் வழியில் நான் கேட்டேன். "தெரியல. நான் கேக்கல" என்றார் சித்தப்பா. "கேக்கலாமில்ல?" என்றேன். "அவன் என்ன நெனச்சா எனக்கென்ன லா? ஓவர் முடிஞ்சிச்சு. நான் முடிச்சேன்." அன்றைக்கு இரவு முழங்கையில் தைலம் தேய்த்துவிட்டபடியே சின்னம்மா திட்டிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே சிரித்தார். நான் அவர்கள் இரண்டு பேரையும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

சித்தப்பா இறந்தபோது, சவப்பெட்டிக்காரர் முழுக்கைச் சட்டையும் புதுக் கோட்டும் கொண்டுவந்தார். கடைசியாகப் போகிறவர் லட்சணமாகப் போகட்டும் என்றார். சின்னம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், ஆள் துணிகளோடு சுவரோரம் ஒதுங்கிவிட்டார். வலது கை வெட்டிய சட்டையோடுதான் போனார் சித்தப்பா. இந்தக் கோட்டையாவது போடலாமே என்று அம்மா கேட்டார். சின்னம்மா முடியாது என்றுவிட்டார். "மண்ணுக்குள்ள போட்டுட்டா கை எப்பிடித் தெரியும்?" என்று சொல்லி, கோட்டை என்னிடம் கொடுத்தார். "நாலு பேர் வந்து போற இடத்துல மாட்டு." பட்டறைக்குப் பிறகு நான் ஜுருவில் கடை போட்டபோது முதலில் அடித்த ஆணி இதற்குத்தான். சின்னம்மா போன பிறகு அடுப்படிப் பிடித்துணியும் என்னிடம் வந்து சேர்ந்தது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். ஆஸ்திரேலியாவிலிருந்து. மறந்துபோன பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்களாம். எங்கிருந்தோ விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்திருக்கிறாள். நல்ல பெண்தான், செருப்பைக் கழற்றட்டுமா என்று வாசலில் கேட்டாள், கார் சாமான் கடைக்கு! கோட்டைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம், பக்கத்தில் ஒரு அட்டையில் அவரைப் பற்றி எழுதுவோம் என்றாள். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். போனைத் திறந்து படித்துக் காட்டினாள். திறமையான வேகப்பந்து வீச்சாளர், தோளில் காயம்பட்டுப் பாதியில் விலகினார், அத்துடன் ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

எனக்குக் கண் சிவந்துவிட்டது. அந்தக் காயம் பொய், அதை அந்த மனிதரே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். எறிகிறான் என்று சொன்னார்கள், அதை எழுது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, அதையும் எழுது. பினாங்கில் அதே நடுவர் முன்னால் ஓவரை முடித்தார், அதை முக்கியமாக எழுது. அவள் மரியாதையாகத்தான் கேட்டாள், அதற்கு ஏதாவது பதிவு இருக்கிறதா, ஒரு போட்டோ, ஒரு ஸ்கோர்? இல்லை. எண்ணாதே என்று சின்னம்மா சொன்னார், நாங்கள் எண்ணவில்லை. அப்படியென்றால் ஆதாரம் உள்ளதை மட்டும்தான் எழுத முடியும், காயம் என்றால் அவருக்கும் கௌரவமாக இருக்கும் என்றாள். அந்த அணித்தலைவர் காதில் சொன்ன அதே பேச்சு. இத்தனை காலம் கழித்து, கடல் தாண்டி, என் கல்லா வரைக்கும் வந்துவிட்டது.

அவள் கெட்டவள் இல்லை, அதனால் தேத்தண்ணீர் போட்டேன். கெட்டில் கொதித்தது. இறக்கி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்: வெட்டிய கை எங்காவது கிடைக்குமா? கிடைத்தால் எங்களிடம் நல்ல தையல்காரர்கள் இருக்கிறார்கள், கோட்டை முழுமையாக்கிவிடலாம். நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அவள் கண் மெல்ல என் கைக்கு வந்தது. மஞ்சளும் கரியும் ஏறி, ஓரம் தீய்ந்து, நுனியில் இன்னும் இரண்டு பித்தான்களோடு, சாம்பல் நிறத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட கம்பளி. அதற்குள் கையை விட்டுத்தான் நான் கெட்டிலைப் பிடித்திருந்தேன்.

"இதுதான். இது சட்டி பிடிக்கத்தான் ஆகும். அந்தக் கோட் முழுசாத்தான் இருக்கு" என்றேன்.

அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தாள். எழுதுவதைப் பற்றி மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். கேள் என்றேன். நான் சொன்னபடி எழுதினால் கோட் வரும், இல்லையென்றால் ஆணியிலேயே இருக்கும், எனக்கு அவசரமில்லை என்றும் சொன்னேன். அவள் போன பிறகு கோட்டை இறக்கித் தூசி தட்டினேன். மறுபடி மாட்டும்போது திருப்பி மாட்டினேன், வெட்டிய பக்கம் வாசலைப் பார்க்கும்படி.

பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் ஃபேன் பெல்ட் கேட்டு நின்றிருந்தான். பெல்ட்டை வாங்கிக்கொண்டு, பின்னால் தொங்குவதைப் பார்த்தான்.

"யாரோட கோட்டு ஆண்ட்டி? கை இல்லாதவரா?"

"இல்ல தம்பி. கை இருந்தவரோடது."